இளம் ஆட்டக்காரனின் விலை

பண்டத்துக்கு விலை கூறுதல் எளிது. மனிதனுக்கு விலை கூறுதல் அரிது. இளைஞன் ஒருவனுக்கு விலை கூறுதலோ அதனினும் அரிது. அவன் இன்று இருப்பதோடு, இனி ஆகப்போவதையும் கூட்டி எண்ண வேண்டியிருத்தலே அதற்குக் காரணம். திருப்பூரிலே பிறந்து வளர்ந்த எமக்கு இவ்வுண்மை புதிதன்று. அங்கே பின்னலாடைத் துணியை எவரும் கண்ணால் மட்டும் கண்டு வாங்குவதில்லை. நிறுத்துப் பார்ப்பர், துவைத்துப் பார்ப்பர், எவ்வளவு சுருங்கிற்று, சாயம் எவ்வளவு நின்றது என்று அறிந்த பின்னரே ஆர்டர் உறுதிப்படும். மனிதரைத் துவைத்துப் பார்க்கும் தொட்டியோ எங்கும் இல்லை.

இவ்வாராய்ச்சி எமக்கு நேர்ந்த காரணத்தைக் கூறுவோம். எம் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவிலே முதலாண்டு மாணவன் ஒருவன் உளன். அவனும் எம் ஊரினனே. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யார் எங்கே நிற்கின்றனர் என்பதை நொடியில் உணர்ந்து, உரியவன் கையில் உரிய காலத்தில் அதனைச் சேர்ப்பதே அவன் தொழில். இவ்விடத்தில் ஆடுவோனைப் 'பாயிண்ட் கார்டு' என்பர். அண்மையில் வேறொரு கல்லூரியார் அவனை அழைத்தனர். கட்டணம் இல்லை, விடுதியும் உணவும் இலவசம், ஆனால் படிப்பை முதலாண்டிலிருந்து மீளத் தொடங்க வேண்டும். அவன் எம்மிடம் வந்து, "அண்ணா, என் ஆட்டம் அவ்வளவு பெறுமா? நான் போகலாமா?" என வினவினான்.

ஆட்டக் கணக்கேட்டைப் புரட்டினோம். அவன் பெயருக்கு எதிரே புள்ளிகள் சிலவே இருந்தன. அவன் தந்த பந்தைக் கூடையிலிட்டவர் பெயர்களே நிரம்பியிருந்தன. அவன் அன்னையார் பனியன் கம்பெனியொன்றிலே கைமடியாக வேலை செய்பவர். தைத்த உருப்படிகள் டெய்லர் கணக்கில் ஏறும். எடுத்துக் கொடுத்தும் மடித்து அடுக்கியும் அவ்வேலை தடைப்படாது காத்த கைமடியின் பெயர் அக்கணக்கில் இராது. கைமடி வாராத நாளிலேதான் அவர் அருமை விளங்கும். மகனின் ஆட்டமும் அத்தகையதே என்று யாம் உணர்ந்தோம்.

இனி, விலை என்பது யாது? கோயம்புத்தூர் அணியார் 2023ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்திலே சாய் சுதர்சன் என்னும் இளங் கிரிக்கெட் வீரரை 21.60 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். அதே காலத்தில், அதனினும் மிகப் பெரிய இந்தியன் பிரீமியர் லீக்கிலே குஜராத் அணியார் அவருக்குத் தந்தது 20 இலட்சமே. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அவர் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர், 2025ஆம் ஆண்டுப் போட்டிக்காக அதே குஜராத் அணியார் 8.50 கோடி தந்து அவரைத் தக்கவைத்துக்கொண்டனர். விலையானது ஆளின் அளவன்று. வாங்குவோர் அப்பொழுது கண்டதன் அளவே என்பது இதனால் பெறப்படும்.

கூடைப்பந்தின் தாயகமாகிய அமெரிக்காவிலோ, அணிகள் ஆட்டக்காரரை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2019ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியார், பால் ஜார்ஜ் என்னும் புகழ்வாய்ந்த வீரரைப் பெறுதற்பொருட்டு, ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர் என்னும் இளம் பாயிண்ட் கார்டையும், வேறு பலவற்றையும் ஓக்லஹோமா அணிக்கு ஈந்தனர். 2022இல் சாக்ரமெண்டோ அணியார், சபோனிஸ் என்னும் உயர்ந்த வீரருக்கு மாற்றாக 21 வயதினரான ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்கு அனுப்பினர். அம்மாற்றத்தால் சாக்ரமெண்டோவும் வறிதாகவில்லை. 16 ஆண்டுகளாக எட்டாதிருந்த மேற்சுற்றை 2023இல் எட்டிற்று. எனினும் 2025ஆம் ஆண்டு இறுதிப் போட்டியிலே எதிரெதிர் நின்று அணிகளை நடத்தியவர்கள், இளமையிலே கைமாற்றப்பட்ட இவ்விருவருமே! ஏழாம் ஆட்டத்திலே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது, ஓக்லஹோமா வென்றது. ஏழாண்டு எண்ணி நிறுத்த மதிப்பையும் ஒரு நொடி குலைத்துவிடக் கூடுமன்றோ?

இவற்றையெல்லாம் எண்ணி எம் தம்பிக்கு யாம் கூறிய விடை இது: "நீ பெறுவாயா என்பதன்று வினா. மாற்றப்படும் வீரனைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை, உன்னையோ கேட்கின்றனர். ஆதலின் நீயும் கேள். அங்கே ஆடுவாயா, அமர்ந்திருப்பாயா? முழங்கால் முறிந்தாலும் படிப்பு முடியும்வரை உன்னை வைத்துக்கொள்வரா? இழக்கும் ஓராண்டுக்கு ஈடு யாது?"

அவன் அம்மூன்றையும் எழுதிக் கேட்டான். முதலாவதற்கு மறுநாளே விடை வந்தது, 'ஆடுவாய்' என்று. மற்ற இரண்டற்கும் இதனை எழுதும் வரை விடை இல்லை. அவன் இன்னும் எம்முடனேயே ஆடுகின்றான். விடை நேர்மையாக வருமாயின் வாழ்த்தி அனுப்பவும் யாம் சித்தமாயிருக்கின்றோம்.

மாணவ நண்பர்காள்! பிறர் நமக்கு இடும் விலையைக் கேட்டு மகிழ்தலும் வருந்துதலும் இயல்பே. ஆயின் அவ்விலை நம் கால் நலமாயுள்ள நாட்களுக்கு மட்டுமா, அல்லது நமக்கா என்று ஒருமுறை வினவிய பின்னரே கையொப்பமிடுக.