மான் படமும் மீட்டர் கணக்கும்

வழக்குக்குக் காரணமான பொருள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். பொத்தானை அழுத்தினால் எதிரே நிற்பது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கண்ணாடிக்குள் எண் தெரியும். விலை இருபதாயிரம் ரூபாய்க்குள்தான். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. தொகை இவ்வளவு சிறியதாக இருந்தும், இந்த வழக்குக்காகப் படித்த அளவுக்கு நான் வேறு எதற்கும் படித்ததில்லை.

மனுதாரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலைக்காரர். ராணுவத்திலும் போலீசிலும் சேர ஆசைப்படும் பையன்களுக்குப் பஞ்சக்கரையில், கொள்ளிட மணலில், காலை வேளையில் காசு வாங்காமல் பயிற்சி கொடுப்பவர். ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல் எல்லாம் முடிந்தபிறகு கண்ணால் தூரம் கணிக்கச் சொல்லிக்கொடுப்பார். காலாட்படையில் இது தனிப் பாடம். நூறு மீட்டரை மனத்தில் ஓர் அளவாகப் பதித்துக்கொண்டு, எதிரே உள்ள தரையில் அது எத்தனை முறை விழுகிறது என்று பார்க்க வேண்டும். அல்லது குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரண்டு எல்லை வைத்து நடுவை எடுக்க வேண்டும். எல்லாருடைய கணிப்பையும் கூட்டிச் சராசரி பார்ப்பதும் உண்டு. பையன்கள் சொல்லும் எண்ணைச் சரிபார்க்கத்தான் அவருக்குக் கருவி தேவைப்பட்டது.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினார். விளம்பரத்தில் கொம்புள்ள மான் ஒன்று, அதன் தோள்மேல் குறி வட்டம், கீழே பெரிய எழுத்தில் '1,200 மீட்டர்'. வேட்டைக்கும் நெடுந்தூரச் சுடுதலுக்கும் ஏற்றது என்று இன்னொரு வரி.

என் அலுவலகத்துக்கு வந்தவர் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "வக்கீல் சார், போர்டைப் பார்த்தா பேசுது. மாட்டைப் பார்த்தா ஊமையாயிடுது."

அவர் முதலில் போய் நின்றது காவிரிப் பாலத்தில். 1976-இல் கட்டிய பாலம், நீளம் 541 மீட்டர். தெரிந்த தூரம் என்பதால் அங்கே சோதித்தார். மறுமுனையில் இருந்த சாலைப் பெயர்ப்பலகை உடனே எண்ணைக் கொடுத்தது, பிழையில்லாமல். பிறகு ஆற்றுக்குள் மேய்ந்துகொண்டிருந்த எருமைகளைப் பார்த்தார். பாலத்தின் நீளத்தைவிட வெகு குறைந்த தூரத்திலேயே கண்ணாடிக்குள் கோடுகள்தான் வந்தன.

காரணம் எளிது. ஆனால் அதை நான் நடுவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. கருவி ஒரு லேசர் துடிப்பை அனுப்புகிறது, திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது, ஒளியின் வேகத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. 500 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு சொச்சம்தான் ஆகும். கடிகாரத்தில் கோளாறு இல்லை. திரும்பி வரும் ஒளியின் அளவில்தான் சிக்கல். சாலைப் பலகையின் மேற்பூச்சு வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. மானின் ரோமமும் எருமையின் தோலும் ஒளியை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கும். ஆகவே எண் ஒன்றுதான் என்றாலும் பலகைக்கு 1,200 என்பது மரத்துக்கு அதில் பாதி சொச்சமாகவும், மானுக்குப் பாதிக்கும் குறைவாகவும் சுருங்குவது சந்தையில் உள்ள சிறிய கருவிகளின் பொது இயல்பு. நேர்மையான தயாரிப்பாளர்கள் மூன்று எண்களையும் தனித்தனியாக அச்சிடுகிறார்கள்.

டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக அகலமாவதுபோல லேசர் கதிரும் விரியும். ஒரு கருவியின் விரிவு 3 மில்லிரேடியன் என்றால் 500 மீட்டரில் கதிரின் அகலம் ஒன்றரை மீட்டர். மானின் உடல் அதற்குள் அடங்கிவிடும். மிச்சக் கதிர் பின்னால் உள்ள புதரிலோ முன்னால் நிற்கும் நாணலிலோ பட்டு, அதன் தூரத்தை மானின் தூரமாகக் காட்டும். கொள்ளிடக் கரையில் நாணலுக்குக் குறைவே இல்லை. சுபேதார் அங்கே இதையும் பார்த்திருந்தார். முன்பொருளை விட்டுவிட்டுப் பின்பொருளை எடுக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. இவருடையதில் இல்லை. சித்திரை வெயிலில், மணல் தகிக்கும் உச்சிப்பொழுதில், சூரிய ஒளியே இரைச்சலாகி எட்டும் தூரம் இன்னும் குறையும். காலை ஆறரைக்குக் கிடைத்த மரம் பன்னிரண்டுக்குக் கிடைக்காது.

விற்பனையாளர் தரப்பு மூன்று பதில்களைத் தாக்கல் செய்தது. ஒன்று, 1,200 என்பது பிரதிபலிக்கும் இலக்குக்குத்தான் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. இரண்டு, கருவி பழுதில்லை, பலகையைச் சரியாகத்தானே காட்டுகிறது. மூன்றாவதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது: இது வேட்டைக் கருவி, இந்தியாவில் வேட்டை குற்றம், ஆகவே ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி சட்டவிரோத நோக்கத்துக்கான கொள்முதலுக்கு நிவாரணம் கிடையாது.

வேட்டை குற்றம்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 9-ஆம் பிரிவு அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் முயற்சியும் அடக்கம். உயிருக்கும் பயிருக்கும் ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவு வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளுக்கென வகுத்த நடைமுறையிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கு மட்டுமே. துறையூர், பச்சைமலை அடிவாரத்து விவசாயிகள் இதை என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. துப்பாக்கி உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் பன்றியைச் சுட்டுவிட முடியாது என்றுதான் எப்போதும் சொல்கிறேன்.

ஆனால் மான் படத்தைப் போட்டது என் கட்சிக்காரர் அல்ல. விற்றவரே வேட்டை ஆசையைக் காட்டி விற்றுவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அதே வேட்டையைக் காரணம் காட்டி வாங்கியவரைக் குற்றவாளியாக்குவது எந்தச் சட்டத்துக்கும் பொருந்தாது. தூரம் அளப்பது சட்டப்படியான செயல். கோல்ஃப் ஆடுகிறவர்களும் காட்டில் கணக்கெடுக்கும் வனத்துறையினரும் இதே கருவியைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியே வாதிட்டேன்.

கையேட்டு வாதத்துக்குப் பதில் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் இருந்தது. பொறுப்புத்துறப்பு வாசகம் முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது, விளம்பரத்தில் சொன்னதற்கு முரணாக இருக்கக் கூடாது. பெட்டிக்குள் வரும் கையேட்டைப் பணம் கட்டிய பிறகுதான் பார்க்க முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(28) சொல்லும் தவறான விளம்பரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றை என் ஜூனியர் கண்டுபிடித்தார். பெட்டியின் பக்கவாட்டில் 1,200 என்பதற்குப் பக்கத்தில் இருந்தது யார்டு, மீட்டர் அல்ல. 1,200 யார்டு என்றால் 1,097 மீட்டர். விளம்பரம் எழுதியவர் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு அலகை மட்டும் மாற்றியிருக்கிறார்.

வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டோம். உரிமம் பெற்ற சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியுடன் அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். எதிர்த்தரப்புப் பிரதிநிதி முதலில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் குறிவைக்கச் சொன்னார். 1987-இல் முடிந்த 236 அடிக் கோபுரம். கதிர் முழுவதும் அதன்மேலேயே விழும். எண் வந்தது, நான் மறுக்கவும் இல்லை. பிறகு வண்டியின் நம்பர் பலகை, வெள்ளைச் சுவர், தென்னை, எருமை என்று ஒவ்வொன்றாக, காலையிலும் நண்பகலிலும் பார்த்துக் குறித்தோம். ஆணையரின் அறிக்கையில் எருமைக்கு எதிரே இருந்த நெடுவரிசை நண்பகலில் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

விசாரணையில் ஆணையத் தலைவர் கேட்டார்: "சுடுகிறவர்களுக்கே இது தேவையா? ரைபிள் கிளப்பில் யாரும் இதை வைத்துப் பார்த்ததில்லையே?" நல்ல கேள்வி. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்து, நடிகர் அஜித்குமார் வந்தபோது ஊரே திரண்டது. அங்கெல்லாம் 10, 25, 50 மீட்டர் என்று தூரம் முன்பே அளந்து வைத்தது, கருவிக்கு வேலை இல்லை. தூரம் தெரியாத வெளியில் அப்படியல்ல. 600 மீட்டரில் நிற்பதை 550 என்று எண்ணிச் சுட்டால் சாதாரண ரைபிள் குண்டு சுமார் அரை மீட்டர் தாழ்ந்துவிடும். உயரத்திலிருந்து சரிவாகப் பார்த்தால் இன்னொரு கணக்கு. மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். உச்சியிலிருந்து கீழே ஒரு பொருள் நேர்கோட்டில் 200 மீட்டர் என்று கருவி சொன்னால் கிடைமட்டத் தூரம் 182-தான். குண்டின் தாழ்வைக் கிடைமட்டத் தூரத்தை வைத்தே பார்க்க வேண்டும். கோணத்தைக் கணக்கில் எடுக்கும் கருவி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அப்போது சுபேதார் அனுமதி கேட்டு எழுந்தார். "ஐயா, நார்த்தாமலையை நினைச்சுப் பாருங்க" என்றார்.

2021 டிசம்பர் 30. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் நார்த்தாமலை, அதை ஒட்டிய பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளம். மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தளத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்று நாளேடுகள் எழுதின. ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் சிறுவன் இறந்தான். இன்சாஸ் ரைபிளின் பயன்தூரம் 400 மீட்டர் என்பார்கள். குறி தவறாமல் அடிக்கும் எல்லைதான் அது. குண்டு அங்கே நின்றுவிடாது. 7.62 மி.மீ. குண்டு 3 கிலோமீட்டரையும் தாண்டும். "இலக்கு எவ்வளவு தூரம்னு பையன் தெரிஞ்சுக்கணும், அதுக்குப் பின்னாடி ஊர் எவ்வளவு தூரம்னும் தெரிஞ்சுக்கணும். அதைச் சரியாச் சொல்ற கருவிதான் ஐயா நான் கேட்டேன்" என்றார் சுபேதார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதன்பிறகு வேட்டை வாதத்தைத் தொடவில்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது: விலை முழுதும் வட்டியோடு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை, விளம்பரத்தில் அலகையும் இலக்கு வாரியான தூரத்தையும் திருத்தி வெளியிட வேண்டும் என்ற கட்டளை. ஒப்பந்தச் சட்ட வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை.

மனுவில் நான் வைத்த கடைசிக் காரணம் மட்டும் தீர்மானிக்கப்படாமல் போனது. வேட்டை குற்றமாக உள்ள நாட்டில், மானின் தோளில் குறி வட்டம் வரைந்து ஒரு பொருளை விற்கலாமா என்ற கேள்வி அது. தூரக் கணக்கிலேயே வழக்கு முடிந்துவிட்டதால் அதற்குள் போகத் தேவையில்லை என்று உத்தரவு சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களில் ஒருவராவது பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ போய்ப் பார்க்க ஆசைப்படுவார். மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் இருந்தது. சுபேதாரைக் கேட்டேன். "பணம் வந்துடுச்சு வக்கீல் சார், பையன்களுக்குச் செலக்ஷன் வருது" என்று சொல்லிவிட்டு, மூன்று எண்ணும் தனித்தனியாக அச்சிட்ட வேறொரு கருவியை வாங்கிக்கொண்டு போனார். காரண வரைவு என் கோப்பில் இருக்கிறது. அதேபோன்ற படத்தோடு துப்பாக்கித் தொலைநோக்கி விற்ற இன்னொரு விளம்பரத்தின்மேல் இப்போது ஒரு மனு தயாராகிறது. அதில் அதைத்தான் முதல் காரணமாக வைத்திருக்கிறேன்.