மீண்டும் கூடிய இருவர்

பிரிந்த இசைஞர் மீண்டும் கூடினால் ஊரார் விரும்புவது புதுப்பாட்டையா? பழம்பாட்டையே.

இசையமைப்பாளர் விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தனர். முப்பதாண்டு சென்று, 1995இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்திற்கு ஒருங்கே இசையமைத்தனர். நான் அப்போது சிறுவன். ரவாங்கில் என் தந்தையார் அவ்வொலிநாடாவை ஒருமுறை கேட்டு, “பழைய சுவை இல்லையப்பா” என்று பெட்டியில் இட்டுவிட்டார். இஃது என்ன நியாயம்? பழைய சுவை வேண்டுவார்க்குப் பழைய பாட்டுக்கள் அழியாமல் இருக்கின்றனவே! எழுபதைக் கடந்த ராமமூர்த்தியும் அறுபதைக் கடந்த விசுவநாதனும் இளைஞராய் மீளவேண்டும் என்பது, நம் இளமையை அவர்களிடம் கேட்பதன்றோ?

அமெரிக்கப் பிக்சீஸ் ராக் குழுவினர் 2004இல் மீண்டும் கூடிப் பழம்பாட்டுப் பாடியவரை கைதட்டல். 2014இல் முழுப் புதிய இசைத்தட்டு அளித்ததும் வசை. பழைய பேரேட்டைப் பார்த்துப் புதியதில் எழுதுவது என்போன்ற தோட்டத்துக் கிராணியின் தொழில். இசைஞருக்கு அஃது எதற்கு?

2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விசுவநாதனும் மறைந்தனர். தந்தையார் இன்றும் அவ்வொலிநாடாவைத் தீண்டுவதில்லை.