21 நொடி வானம்

முதுகுல மாட்டினா பறக்கலாம்; அப்படி ஒரு ஜெட்பேக் ஏன் இன்னும் கடைக்கு வரலன்னு ஸ்கூல் காலத்துல இருந்தே எனக்கு ஒரு கேள்வி. நியூட்டன் விதியை வெச்சு ஒரு ராத்திரி கணக்குப் போட்டதும் பதில் கிடைச்சது.

1961 ஏப்ரல் 20. அமெரிக்காவில் ஹரோல்ட் கிரஹாம், பெல் நிறுவனத்தின் ராக்கெட் பெல்ட்டில் 13 நொடி பறந்து 34 மீட்டர் கடந்தார். அதில் எதுவும் எரிவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு வெள்ளி வலையில் பட்டதும் நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து கீழ்நோக்கிச் சீறும். அந்த எதிர்விசைதான் ஆளைத் தூக்கும். அந்த பெல்ட்டின் உச்சவரம்பே சுமார் 21 நொடிதான்.

ஏன்? ஆளும் கருவியும் சேர்த்து 130 கிலோன்னு வைங்க. அந்தரத்துல சும்மா நிக்கவே சுமார் 1,300 நியூட்டன் வேணும். வாயு நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்துல வெளியேறினா, ஒவ்வொரு நொடிக்கும் ஒரு கிலோவுக்கு மேல காலி! கூடுதலா நிரப்பினா, அந்த எடையையும் சேர்த்துத் தூக்கணும்.

ஹெலிகாப்டர் மட்டும் எப்படி ரொம்ப நேரம் நிக்குது? அது நிறைய காற்றை மெதுவா தள்ளுது. ஜெட்பேக் கொஞ்சம் வாயுவை அசுர வேகத்துல தள்ளுது. ஒரே உந்துவிசைக்கு, வேகம் கூடினா சக்திச் செலவும் கூடும்.

பாராசூட் விரியவும் அங்கே உயரம் பத்தாது. அதான் ஹெல்மெட்டுக்குள்ள எச்சரிக்கை பஸ்ஸர்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பில் சூட்டர் பறந்த வீடியோவை இப்பவும் பார்க்கிறேன். வாய் தானா நொடியை எண்ணுது. அவர் கால் தரையில பட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருது.