எழுந்து நிற்றல்

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நுரையீரல் அழற்சி கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள்கள் கிடந்தேன். அவற்றுள் ஆறு நாள்கள் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கழிந்தன. அந்நாள்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நினைவில் இருந்தாலன்றோ எழுதுவதற்கு!

கண்விழித்த மறுநாள், மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கையை நீட்ட முயன்றேன். கை எழவில்லை. பக்கவாதமோ என்று அஞ்சினேன். இயன்முறைச் சிகிச்சை அளிக்க வந்த இளம்பெண், "பக்கவாதம் இல்லை ஐயா, தசைகள் கரைந்திருக்கின்றன" என்றார். கடும் நோயின்போது உடல் தன் தசையிலுள்ள புரதத்தையே சிதைத்துச் செலவிடுகிறது; அசைவின்மை அச்சிதைவை விரைவுபடுத்துகிறது. பத்தே நாளில் தொடைத் தசையின் பருமன் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவதாக 2013இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று கண்டறிந்துள்ளது. கரும்பலகையின்முன் இருபத்தேழு ஆண்டுகள் நின்ற கால்கள் இவை என்பதெல்லாம் உடலுக்கு ஒரு பொருட்டில்லை.

வீடு திரும்பியபின் தொல்லை வேறு வடிவில் வந்தது. அதன் பெயர் அன்பு. "அசையாதீர்கள், படுத்தே இருங்கள்" என்றாள் மனைவி. காணவந்த பெரியவர்களும் ஓய்வே மருந்து என்றனர். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது இனிமையாகவே இருந்தது. நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர வேண்டும், அதனை நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும் என்ற கட்டளையை நான் காற்றில் விட்டேன்.

ஒருநாள் இரவு, அவளை எழுப்ப வெட்கப்பட்டுத் தனியே குளியலறைக்குச் சென்றவன் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழ இயலவில்லை. ஓடிவந்த அவளாலும் என்னைத் தூக்க முடியவில்லை. ஈரத்தரையில் என்னருகே அவளும் அமர்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும்வரை இருவரும் பேசவே இல்லை.

மறுநாள் காலை, நாற்காலியின்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி அவளே முன்னால் நின்றாள். உயரமான இருக்கையிலிருந்து எழுவது எளிது. "ஒன்று… இரண்டு…" என்று அவள் எண்ண, நான் எழுந்தேன். முட்டையும் மீனும் பருப்பும் வேளை தவறாமல் வந்தன. மூன்றாம் வாரம் ஒரு தலையணை நீங்கியது. ஆறாம் வாரம் மற்றொன்றும் நீங்கியது. இளைஞர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கோ, பட்டம் பெற்ற நாளில்கூட அத்தனை மகிழ்ச்சி இருந்ததில்லை.

நான்காம் மாதம் கல்லூரிக்குத் திரும்பினேன். எங்கள் துறை மாடியில் உள்ளது, இருபத்திரண்டு படிகள். பன்னிரண்டாம் படியில் மூச்சிரைத்து நின்றேன். பின்னால் வந்த மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் சட்டென நின்று, "ஐயா, குற்றியலுகரத்தில் ஓர் ஐயம்" என்றார். கைப்பிடிச் சுவரைப் பற்றியவாறே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையசைத்தார்.

முந்தைய பருவத் தேர்வில் அதே வினாவுக்கு அவர் முழு மதிப்பெண் பெற்றிருந்தது, மாடியேறி நாற்காலியில் அமர்ந்தபிறகுதான் என் நினைவுக்கு வந்தது.