எண்ணெய் வேறு, ஒயில் வேறு



நமது வீடுகளில் எண்ணெய் என்றால் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். விளக்குக்கும் மிசினுக்கும் மண்ணெண்ணெய். இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று நான் எழுதப்போவது இன்னுமோர் எண்ணெயைப் பற்றி. அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதனால் ஓர் அக்காவின் மிளகாய்த் தோட்டம் வாடிப்போனது. சொல்லிக்கொடுக்காமல் விட்டவள் நான்தான்.

2019 தை மாதம் விசுவமடுப் பக்கத்துக் கிராமமொன்றில், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பத்துக்கு வாழ்வாதார உதவியாக நீர்ப்பம்பிகள் வழங்கினோம். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுகின்ற சிறிய எஞ்சின்கள். மாதர் சங்கக் கட்டடத்தில் விளக்கேற்றி, பதாகை கட்டி, படமும் எடுத்தோம். பம்பியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஒயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். கடையிலிருந்து வந்த பொடியன் பத்துக்கும் ஒயில் ஊற்றி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனான். கடைசியில் நான் எழும்பி, "எண்ணெய் குறையாமல் பாத்துக்கொள்ளுங்கோ அக்காமார்" என்று ஒரு வசனம் சொன்னேன். பின்னர் படிவத்தில் "பயனாளிகளுக்குப் பயிற்சி வழங்கப்பட்டது" என்ற இடத்தில் கையொப்பம் வைத்தேன்.

ஆனி மாதம் அந்தக் கிராமத்துக்குப் போனபோது, ஓர் அக்காவின் பம்பி கிணற்றடியில் சாக்கு மூடிக் கிடந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எஞ்சின் இறுகிவிட்டது. மிளகாய் பூத்துக் காய்க்கும் பருவம். பக்கத்துக் காணிக்காரரிடம் கூலிக்கு மிசின் எடுத்து, அவருக்கு வசதிப்பட்ட நாளில் இறைத்துக்கொண்டிருந்தா. இரண்டு தரம் இறைப்புத் தவறியதில் பூக்கள் கொட்டிவிட்டன. மகளின் தோடு அடகுக்குப் போயிருந்தது.

"ஒயில் பாக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் ஊத்தினனான்தானே பிள்ளை. ஒவ்வொரு நாளும் ஊத்தினனான். நீங்கள் சொன்னமாதிரி ஒருநாளும் குறைய விடேல்லை" என்றா.

அவ மண்ணெண்ணெய்த் தாங்கியைத்தான் சொன்னா. எண்ணெய் என்றால் அவவுக்கு அதுதான். எஞ்சினின் வயிற்றுக்குள் வேறொரு எண்ணெய் இருக்கின்றது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு வசனத்தை அவ ஐந்து மாதம் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறா. பிழை வசனத்தில் இருந்தது.

திருத்துபவர் அடி ஆணியைக் கழற்றினார். வடிந்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். கறுப்பாக, தண்ணீர் போல மெல்லியதாக, மண்ணெண்ணெய் மணத்தோடு வந்தது. "பொம்பிளையளிட்ட மிசினைக் குடுத்தால் உப்பிடித்தான்" என்று அவர் சிரித்தார். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எனக்கும் அந்த எஞ்சினைப் பற்றி அவவுக்குத் தெரிந்ததை விட அதிகம் தெரியாது என்பதுதான் காரணம். ஆண்களின் வேலை, பெண்களின் வேலை என்ற பிரிவினையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் அந்த ஆணியை எந்தப் பக்கம் திருப்பினால் கழரும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்கு இதைக் கற்றுத் தந்தவள் அடுத்த கிராமத்துத் தங்கச்சி ஒருத்தி. ஒரு கால் செயற்கைக் கால். எஞ்சினைக் கண்டதும் பிள்ளையைத் தூக்குவது போல் பக்குவமாகச் சரித்தாள். எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்பது பம்பிகளையும் மாமரத்தின் கீழ் கொண்டுவரச் செய்து, ஒவ்வொருவரையும் தன் கையாலேயே ஒயில் மாற்ற வைத்தாள். அன்று நாங்கள் கற்றதை உங்களுக்கும் எழுதுகின்றேன்.

முதலில், ஒயில் ஏன் என்பது. எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது ஒயில்தான். அது சூட்டைக் குறைக்கின்றது. கரியையும் தேய்ந்த இரும்புத் தூளையும் தன்னோடு எடுத்துக்கொள்கின்றது. வாகனங்களில் இந்த அழுக்கைப் பிடிக்க வடிகட்டி ஒன்று உண்டு. இப்படியான சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் அது கிடையாது. அழுக்கு வெளியேற ஒரேயொரு வழி, ஒயிலை மாற்றுவது. அத்தோடு, இவற்றில் பலவற்றுக்கு ஒயிலை மேலே தள்ளும் பம்பியும் இல்லை. உள்ளே சுழலும் ஒரு சிறு அகப்பை ஒயிலை அள்ளித் தெளிக்கின்றது. ஆகவே எஞ்சினை வரம்பிலே சரித்து வைத்து ஓட்டினால், ஒயில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவதில் இன்னுமொரு பாதிப்பு உண்டு. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் கீழே கசிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் மெலிந்து போகும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின், யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த எஞ்சின்களிலும் இதுதான் நடந்தது. ஆகவே ஒயிலின் அளவு குறைந்தால் மட்டுமல்ல, ஊற்றாமலே கூடினாலும் ஆபத்து. கம்பியில் தொட்டு மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றுங்கள். ஒயில் கறுத்தது மட்டும் பயப்படும் விடயமல்ல; அழுக்கைத் தாங்கும் வேலையை அது செய்கின்றது என்று பொருள்.

அடுத்து, எந்த ஒயில் வாங்குவது? கையேட்டில் எழுதியிருப்பதே முதல் விதி. ஆங்கிலம் தெரியாவிட்டால் பாடசாலைப் பிள்ளையிடம் கொடுத்து எஸ்.ஏ.ஈ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இலக்கம் கூடினால் ஒயில் தடிப்பு. 30 என்று தனியே இருந்தால் அது ஒரே தரம். வெப்பமான இடத்துக்கு ஏற்றது. 10டபிள்யூ-30 என்று இருந்தால் குளிரிலும் இளகி ஓடும், சூட்டிலும் 30 போல நிற்கும். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கின்றது. நம் பம்பிகள் போன்ற ஃபோர் ஸ்ரோக் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். நம் வெயிலில் 10டபிள்யூ-30 சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். அதைப் பாவிப்பவர்கள் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். போத்தலில் ஏ.பி.ஐ. என்பதற்குப் பக்கத்தில் எஸ்.ஜே. அல்லது அதற்குப் பிந்திய எழுத்து இருக்கின்றதா என்றும் பாருங்கள். சீல் உடைந்த போத்தலையும், வடிகட்டி விற்கும் பழைய ஒயிலையும் மலிவென்று வாங்காதீர்கள்.

மாற்றும் முறை இதுதான். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் அழுக்கோடு முழுதாக வடியும். கொதிக்கும் சூட்டில் தொட வேண்டாம். பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். ஒயில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே திறவுங்கள். கீழே ஒரு பாத்திரம் வைத்து அடி ஆணியைக் கழற்றி, வடியவிட்டு, வளையத்தோடு திரும்பப் பூட்டுங்கள். எஞ்சினை மட்டமாக வைத்துப் புதிய ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இந்த அளவு எஞ்சின் சுமார் அரை லீற்றரிலிருந்து 600 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். ஒரு லீற்றர் போத்தலை முழுதாகக் கவிழ்த்துவிடக் கூடாது. கூடினாலும் எஞ்சின் புகைக்கும். அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கீழ்க் கோட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது. பல எஞ்சின்களில் பார்க்கும்போது கம்பியைத் திருகாமல் விட வேண்டும். கையேட்டில் படம் இருக்கும். கடைசியில் பிளக் வயரைப் பூட்டி, ஒரு நிமிடம் ஓட்டி, கசிவு உண்டா என்று பாருங்கள்.

எப்போது மாற்றுவது? புதிய பம்பிக்கு முதல் 20 மணித்தியாலத்தில் அல்லது முதல் மாதத்தில் மாற்ற வேண்டும். இதுதான் மிக முக்கியம். புது எஞ்சின்தான் அதிகம் தூள் விடும். அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எது முந்துகின்றதோ அப்போது. மண்ணெண்ணெயில் ஓட்டுவதனால் எங்கள் சங்கத்தில் 50 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் இறைக்கத் தொடங்குமுன் கம்பியைப் பார்ப்பது வேறு. அதற்கு அரை நிமிடம் போதும்.

எங்கள் சங்கத்தில் சிலர் முன்பள்ளி வளவிலும் சனசமூக நிலையத்திலும் கூலிக்குப் புல் வெட்டுகின்றார்கள். தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினும் பெரும்பாலும் இதே வகைதான். ஆனால் பலவற்றுக்கு முதல் மாற்றம் 5 மணித்தியாலத்திலேயே வரும். பின்னர் 50 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அதைச் சரிக்கும்போது காற்று வடிகட்டி மேற்பக்கம் இருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றாமல் அடியில் கை வைக்கவே கூடாது. கத்தி சுழன்றால் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகிவிடலாம். தோளில் மாட்டும் புல்வெட்டி வேறு. அவற்றில் பல ரூ ஸ்ரோக். அவற்றுக்கு ஒயில் மூடியே இராது. ரூ ரி ஒயிலைப் பெற்றோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றால் 40. ஒன்றின் ஒயிலை மற்றதற்குப் பாவித்தால் இரண்டும் பழுதாகும்.

வடித்த ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று எழுந்த பிரச்சினையை நாம் அறிவோம். கறையானுக்கென்று வேலிக் கட்டைக்குப் பூசுவதும் மழைக்கு மண்ணுக்குள்தான் போகும். மூடிய கானில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள். பழைய ஒயில் தோலுக்கும் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அந்த அக்காவின் பம்பி திருத்தப்பட்டது. திருத்தக் காசில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். அவ முதலில் வாங்க மறுத்தா. "நீங்கள் என்ன செய்வியள் பிள்ளை, எனக்கெல்லோ விளங்கேல்லை" என்றா. இல்லை அக்கா, எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்று அன்று அவவிடம் சொன்னேன். அவர் சிரித்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது.

இப்போது அவவின் குசினிச் சுவரில் கரிக்கோடுகள் இருக்கின்றன. ஓர் இறைப்புக்கு ஒரு கோடு. இறைப்பு மூன்று மணித்தியாலம். பதினாறு கோடு சேர்ந்தால் ஒயில் மாற்றும் நாள். பாற்கணக்கும் சீட்டுக் கணக்கும் பிசகாமல் வைத்திருக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு ஒரு கணக்கா? 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, புது மிசின் வாங்குவதை எங்கள் கிராமத்தில் யாரும் கனவிலும் நினைக்கவில்லை. இருந்ததைக் காப்பாற்றியவர்களே தோட்டம் செய்தார்கள். அவவும் செய்தா. திருத்துபவரிடம் போக வேண்டிய தேவை அவவுக்கு அதன்பின் வரவில்லை.

உதவி வழங்க வரும் என் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பொருளைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு உதவி முடிவதில்லை. நான் இப்போது பயிற்சிப் படிவத்தில் கையொப்பம் வைப்பதற்கு முன், ஒவ்வொருவரும் தன் கையால் அந்த ஆணியைக் கழற்றிப் பூட்டினாரா என்று பார்க்கின்றேன். சகோதரிகளே, உங்களுக்கு ஒரு மிசின் தரப்படும்போது வெட்கப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்கு எந்த ஒயில்? எவ்வளவு? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை? பதில் சொல்லத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கூட்டிவரும்படி சொல்லுங்கள். அது அவர்களின் கடமை.