ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மடல்

அன்புள்ள ஆயிரம் ரூபாயே,

காலேஜ் படிக்கும் பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உன்னைப் 'புதுமைப் பெண்' என்று ஊர் அழைக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று நீ பிறந்ததே சென்னையில், கல்மண்டபத்துக்குத் தொலைவில்லாத எங்கள் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா என்று மட்டும் பார்த்தாய். கார்ப்பரேஷன் ஸ்கூல் என்று சொல்லக் கூசிய நாங்கள், அன்று அதை உரக்கச் சொன்னோம்.

ஆயிரம் ரூபாயே, நீ வருமுன் எங்கள் வீடு இருந்த இருப்பைக் கேள். விடியலில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் கூறுகட்டி விற்பவள் அம்மா. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து குறையும், விலை ஏறும், முதலுக்கே திண்டாடிக் கடன் வாங்குவாள். அந்தக் கடன் அடையுமுன் காலேஜ் அட்மிஷன் வந்து நின்றது. தண்டலுக்குக் கடன் வாங்கினாள், மீதிக்கு வியாபாரக் காசு. ஃபேனுக்குக் கீழே பாயில் பரப்பிக் காயவைத்தும் அந்த நோட்டுகளில் மீன் வாடை போகவில்லை.

ஆயிரம் ரூபாயே, அரசுக் கல்லூரியில் ஃபீஸ் குறைவுதான். ஆளை அடிப்பது சில்லறைச் செலவு. செமஸ்டர் தேர்வுக் கட்டணம், செராக்ஸ், கால்குலேட்டர், நாப்கின், அறுந்துபோன செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். நீ என் பெயரில், என் கணக்குக்கே வந்தாய். தேர்வுக் கட்டணத்துக்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கிவைக்கப் பழகியது உன்னால்தான்.

ஆயிரம் ரூபாயே, உன் பூர்விகமும் தெரியும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் கொடுத்துவந்த நிதி நீ. பிறகு படிப்புக்கென்று மாறினாய். "இவ கல்யாணத்துக்கு என்ன சேத்து வெச்சிருக்க?" என்று அம்மாவைக் குடைந்துகொண்டிருந்த ஆயா, "காலேஜ் காசு வந்துச்சாடி?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள்.

ஆயிரம் ரூபாயே, பி.காம். முடித்துத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் சேர்ந்துவிட்டேன். தண்டலும் அடைந்தது. பையன்களுக்கென்று 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' வழியாக இப்போது தம்பி கணக்குக்கும் வருகிறாய். அவனுக்கும் துணையாக இரு. விலைவாசிதான் ஏறிக்கொண்டே போகிறது. நீ மட்டும் அதே ஆயிரமாக நிற்கிறாய். உன்னால் படித்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வா.

நன்றியுடன்,
கல்மண்டபத்துப் பெண்