தில்லையாடி கொடுத்த தொண்டர்கள்

மாயவரத்திலிருந்து கிழக்கே செல்லும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், இரு புறமும் பசேலென்ற நெல் வயல்கள் நம்முடன் கூடவே வருகின்றன. வாய்க்கால்களில் காவிரித் தண்ணீர் ஓடுகிறது. திருக்கடையூரைத் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேருமுன், சாலையை விட்டு உள்ளே திரும்பினோம். அங்கேதான் இருக்கிறது தில்லையாடி.

இந்தச் சிற்றூருக்குக் காந்தியடிகள் 1915-ஆம் வருஷம் வந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. எத்தனையோ நகரங்கள் இருக்க, இந்தக் கிராமத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தீர்க்கவேண்டிய நன்றிக் கடன் ஒன்று இருந்தது. ஸத்தியாக்கிரகப் போரில் அவருடன் நின்ற தமிழர்களில் இவ்வூரைச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர் பேசிய இடத்தில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது. அதன் அருகே நின்றபோது, இங்கிருந்து கடல் கடந்தவர்கள் அங்கே எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்றே நம் மனம் எண்ணிற்று.

சிறை சென்ற தொண்டர்களின் குடும்பங்களைக் காப்பாற்ற 1910-ஆம் வருஷம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. 1,100 ஏக்கர் நிலத்தைக் காலன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் வாடகையின்றிக் கொடுத்தார். பழமரங்கள் நிறைய இருந்தன, வீடுகள்தாம் போதவில்லை. தகரக் கொட்டகைகளைத் தொண்டர்களே எழுப்பிக்கொண்டார்கள். ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறிடம். வேலைக்காரர்கள் கிடையாது. சமையல் முதல் தோட்டி வேலை வரையில் எல்லாம் தங்கள் கையாலேயே.

வாசலிலேயே வாய்க்கால் ஓடும் சீமையிலிருந்து போனவர்களுக்கு அங்கே தண்ணீரே முதற் பாடம். ஊற்று ஐந்நூறு கஜ தூரத்தில் இருந்தது. காவடி கட்டித்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். சொந்தக் காரியமாக நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்தே போகவேண்டும். இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் காலையில் போய்ச் சேரலாம். காலுக்குச் செருப்பும் அவர்களே தைத்துக்கொண்டதுதான். காப்பியோ, கோதுமையை வறுத்துப் பொடித்துப் போட்டது! தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைவிடக் கடுமையான தவம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் தங்கிவிட்ட கூலிகள் தலைக்கு வருஷம் 3 பவுன், அதாவது அந்நாளில் 45 ரூபாய், வரி கட்டவேண்டும் என்பது நேட்டாலின் சட்டம். 1913-ல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இந்திய முறை விவாகங்களையும் செல்லாதவை ஆக்கியது. பண்ணையில் இருந்த பெண்கள், பெரும்பாலோர் தமிழர், கைக்குழந்தைகளுடன் எல்லை தாண்டி நியூகாஸில் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் காட்டுத் தீயாய்ப் பரவிற்று. பெண்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல்.

அவர்களைப் பின்பற்றிச் சிறை புகுந்தவள் வள்ளியம்மை. அவள் தாயாரின் ஊர் தில்லையாடி. அவள் பிறந்ததோ ஜோகன்னஸ்பர்க்கில். மாரிட்ஸ்பர்க் சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் கண் மூடினாள். வயது பதினாறு. படுக்கையில் கிடந்தவளைக் காந்தியடிகள் கண்டு, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது அழைத்தாலும் போகத் தயார் என்ற கருத்தில் விடை சொன்னாளாம். அவ்வருஷமே 3 பவுன் வரி ஒழிந்தது, விவாகங்களும் செல்லுபடியாயின.

தில்லையாடியில் அவள் பெயரால் நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. நாம் திரும்புகையில் வயலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் முளைத்ததைப் பறித்து வேறிடத்தில் நடுகிறோம். அங்கேதான் அது கதிர் விடுகிறது. இது காவிரிக் கரையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயினும் அயல்நாட்டில் வேரூன்றி, அங்கே உள்ளவர்களுக்காக உயிரையும் கொடுத்த அந்தப் பெண்ணை நம் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.